மலையேறும் மிட்ஜெட்டுக்கு எந்தப் பல்விகிதம்?

இறம்பொடைக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு. எங்களுக்கு முன்னால் போன இ.போ.ச. பஸ் வளைவுக்குள் மூக்கை நுழைத்துவிட்டு, எதிரே இறங்கி வந்த மரக்கறி லொறிக்கு வழிவிடுவதற்காக ஏறத்தாழ நின்றேவிட்டது. நண்பரின் எம்.ஜி. மிட்ஜெட் (இரண்டு பேர் உட்காரும் பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்) இரண்டாம் கியரில் இருந்தது. வேகம் பதினைந்துக்கு விழுந்ததும் எஞ்சின் இருமத் தொடங்கியது; கார் முழுவதும் குலுங்கியது. முதல் கியருக்கு மாற்ற லிவரைத் தள்ளினார். கியர்பெட்டி அரைபட்ட சத்தத்தில் பஸ்ஸின் பின்சீட்டுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தோடு எஞ்சின் நின்றது. பின்னால் வந்த முச்சக்கர வண்டிச் சாரதி இறங்கி வந்து, "கல் வைக்கவா அண்ணே?" என்று கேட்டார். நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது.

காரில் பழுது எதுவும் இல்லை. எஞ்சின் நன்றாக இருந்தது, கிளட்ச் புதிது. மூன்று வாரத்துக்கு முன் பின் ஆக்சிலில் இருந்த டிஃபரன்ஷலை மட்டும் மாற்றியிருந்தார். வெளிநாட்டு மிட்ஜெட்காரர்கள் பலர் அப்படி மாற்றுகிறார்கள், நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. அவர்களுடைய வீதி வேறு, நம்முடைய வீதி வேறு.

முதலில் அந்த டிஃபரன்ஷல் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எஞ்சினின் சுழற்சி கியர்பெட்டி வழியாக, காரின் அடியில் நீளவாக்கில் ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு வருகிறது. ஷாஃப்டின் முனையில் பினியன் என்ற சிறிய பற்சக்கரம். அது கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுன் வீலோடு சேர்ந்துதான் பின்சக்கரங்கள் சுழல்கின்றன. வளைவில் உள்சக்கரம் குறைவாகவும் வெளிச்சக்கரம் கூடுதலாகவும் சுழல இடம்கொடுப்பது டிஃபரன்ஷலின் இன்னொரு வேலை. பெயர் அதனால் வந்ததுதான் என்றாலும் இன்று நமக்கு அது தேவையில்லை. நமக்கு வேண்டியது இரண்டு எண்கள் மட்டுமே: பினியனில் எத்தனை பல், கிரவுன் வீலில் எத்தனை பல்.

நண்பரின் 1967ஆம் ஆண்டு மிட்ஜெட்டில் தொழிற்சாலை பொருத்திய பினியனில் 9 பல், கிரவுன் வீலில் 38 பல். 38ஐ 9ஆல் வகுத்தால் 4.22. அதாவது ஷாஃப்ட் 4.22 முறை சுழன்றால் பின்சக்கரம் ஒரு முறை சுழலும். பல்விகிதம் என்பது இவ்வளவுதான். நண்பர் அதைக் கழற்றிவிட்டுப் போட்டது 3.7.

தோட்டத்து ஸ்டோருக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு (தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்) இதை விளக்கவே வேண்டாம். மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் பறக்கிறது. கொழுந்தை உருட்டும் ரோலரோ ஐம்பது சுற்றைத் தாண்டாமல் நிதானமாகச் சுற்றுகிறது. இடையில் இருப்பவை சிறிய சக்கரமும் பெரிய சக்கரமும். வேகத்தைக் கொடுத்துவிட்டு இழுவையை வாங்கிக்கொள்கிறோம். மோட்டாருக்கு ஒரு குதிரைவலுகூடக் கூடுவதில்லை. டிஃபரன்ஷலும் அப்படியே. எந்த விகிதத்தைப் போட்டாலும் எஞ்சினின் குதிரைவலு கூடாது. அந்த வலு எந்த வேகத்தில் கைக்கு வரும் என்பது மட்டுமே மாறும்.

புதியவர்கள் தடுமாறுவது எண்ணின் திசையில். எண் பெரிதானால் இழுவை கூடும், எஞ்சின் அதிகம் சுழலும், உச்ச வேகம் குறையும். எண் சிறிதானால் எல்லாம் தலைகீழ். 4.55 மலையேறும்; 3.7 சமதரையில் ஓடும். கராஜில் ‘ஹை’, ‘லோ’ என்று பேசுவார்கள். ஒருவர் எண்ணை மனதில் வைத்துச் சொல்வார், இன்னொருவர் வேகத்தை மனதில் வைத்துச் சொல்வார், இருவரும் எதிரெதிர்ப் பொருளில் அரை மணி நேரம் ஒத்துப்போவார்கள். எண்ணை மட்டும் சொல்லுங்கள். இன்னும் நல்லது, பல் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

சரி, ஏன் 4.22? நேராக 4 என்று வைத்தால் என்ன? 36க்கு 9 என்று வைத்திருந்தால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுன் வீலின் அதே நான்கு பற்களைத்தான் ஆயுள் முழுவதும் சந்தித்துக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் சிறு குறை இருந்தால் அதன் எதிர்ப்பற்களும் அதே இடத்தில் தேய்ந்து, சத்தம் வளரும். 38க்கும் 9க்கும் பொதுக் காரணி இல்லாததால் ஒவ்வொரு பல்லும் எதிரில் உள்ள எல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்திக்கிறது, தேய்மானம் பரவலாகிறது. பழைய கார்களின் விகிதங்கள் எல்லாம் விசித்திரமான தசம எண்களாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இலங்கையில் மிட்ஜெட்டோ அதன் இரட்டைப் பிறவியான ஸ்ப்ரைட்டோ வைத்திருப்பவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. அதே வகை ஆக்சில்தான் மோரிஸ் மைனரிலும். 948 சிசி மைனர் 1000இல் 9க்கு 41, அதாவது 4.55. 1098 சிசி வந்தபோது அது 4.22 ஆனது. 1968இன் கடைசியில் மிட்ஜெட்டே 3.9க்கு மாறியது. கடைசிக் கால 1500 சிசி மிட்ஜெட்டில் 3.7 (11க்கு 41). எஞ்சின் பெரிதாகப் பெரிதாக எண் குறைந்துகொண்டே போனதைக் கவனியுங்கள். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரிலும் இதே கதை: 4.11இல் தொடங்கி, 3.89க்கு வந்து, 3.63இல் முடிந்தது. ஆனால் மிட்ஜெட்டுக்கும் மைனருக்கும் நடுவில் டிஃபரன்ஷலை முழுப் பொட்டலமாகக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். மலையகத்தில் மைனர் இல்லாத ஊர் ஏது? ஆகவே நமக்கு விலையைவிடத் தெரிவுதான் சிக்கல்.

தெரிவு செய்ய ஒரு கணக்குப் போதும். டயரில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு, கோடு தரையைத் தொடும் இடத்தில் நிலத்திலும் ஒரு கோடு போடுங்கள். காரை மெதுவாகத் தள்ளி, டயர்க் கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். இடைத்தூரத்தை அளந்தால் ஒரு சுற்றுக்கு டயர் கடக்கும் தூரம் கிடைக்கும். 13 அங்குல 145 டயருக்கு அது சுமார் 1.72 மீற்றர். நான்காம் கியரில் ஷாஃப்ட் எஞ்சினோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சுழல்வதால், எஞ்சின் ஆயிரம் சுற்றுச் சுழலும்போது சக்கரம் 1000 ஐ 4.22ஆல் வகுத்தால் வரும் 237 சுற்றுச் சுழலும். அதை 1.72ஆலும் 60ஆலும் பெருக்கினால் மணிக்கு 24.5 கிலோமீற்றர். இதே கணக்கில் 3.9க்கு 26.4, 3.7க்கு 27.7, 4.55க்கு 22.7.

நான்காம் கியரில் மணிக்கு 100இல் போனால், 4.22இல் எஞ்சின் 4,100 சுற்று அளவில் இருக்கும், 3.7இல் 3,600. ஐந்நூறு சுற்று வித்தியாசம் காதுக்கும் பெட்ரோலுக்கும் பெரிய நிம்மதிதான். ஆனால் அதிவேக நெடுஞ்சாலைகளை விட்டால், நமது வீதிகளில் நகருக்கு வெளியே காருக்கு 70தான் எல்லை. 70இல் 4.22 காட்டுவது 2,860 சுற்று. அந்த எஞ்சினுக்கு அது முனகல்கூட அல்ல. பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் நான்காம் கியர் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? கம்பளையைத் தாண்டிய பிறகு அது பெரும்பாலும் அலங்காரப் பொருள்.

அதனால் நான்காம் கியரை மறந்துவிட்டு இரண்டாம் கியருக்கு வாருங்கள். மலைப்பாதையில் கார் வாழும் இடம் அதுதான். 1275 சிசி மிட்ஜெட்டின் இரண்டாம் கியர் விகிதம் 1.92, முதல் கியர் 3.2. பஸ் முன்னால் நிற்க, வளைவில் வேகம் 15க்கு விழுகிறது. 4.22 இருந்தால் எஞ்சின் 1,175 சுற்றில் இருக்கும். சங்கடம்தான், ஆனாலும் கால் நிதானமாக இருந்தால் இழுத்துவிடும். 3.7 இருந்தால் 1,040. எஞ்சின் சும்மா நிற்கும்போது சுழலும் வேகத்துக்கு அது வெகு அருகில். அங்கே இழுவை என்று சொல்ல ஒன்றுமில்லை. முதல் கியருக்குப் போகலாம் என்றால், இந்தக் கார்களின் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (பற்கள் அரைபடாமல் சேர வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதை விழுத்த இரட்டைக் கிளட்ச் (நடுவில் நியூட்ரலில் கிளட்சை விட்டு, எஞ்சின் வேகத்தை ஏற்றி, மறுபடி மிதித்து மாற்றுவது) தெரிந்திருக்க வேண்டும், அதுவும் ஏற்றத்தில் வேகம் செத்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு விநாடிக்குள். இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு குழி இருக்கிறது. விகிதத்தைக் குறைத்தால் அந்தக் குழி சரியாக நம் கொண்டை ஊசி வளைவுகளின் வேகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நண்பரின் கார் விழுந்தது அந்தக் குழியில்.

கண்டிப் பக்கம் ஏறும் ரயில் பாதையின் கடும் ஏற்றமே ஏறத்தாழ 44 அடிக்கு ஓர் அடிதான். அதற்கே அந்தக் காலத்தில் எஞ்சின்கள் திணறின. வீதியில், அதிலும் வளைவின் உட்புறத்தில், ஏற்றம் அதைவிடப் பல மடங்கு. பஸ் வெளிப்பக்கமாக அகலமாகத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள்; உட்புறத்தைப் பிடித்துத் திரும்புகிற சிறிய கார்தான் செங்குத்தான துண்டில் மாட்டிக்கொள்கிறது.

இதோடு உயரம் சேர்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் எஞ்சினின் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறங்கும். 4.22ஐக் கழற்றி 3.7 போட்டால் சக்கரத்துக்குப் போகும் இழுவையில் 12 வீதம் குறையும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: கடற்கரையில் பழைய டிஃபரன்ஷலோடு இருந்த இழுவையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நுவரெலியாவில் காணாமல் போயிருக்கும். மறுபக்கமும் சொல்ல வேண்டும். 4.55 போட்டால் கிடைக்கும் இலாபம் 8 வீதம் மட்டுமே; உயரம் பறித்ததை அது முழுவதும் திருப்பித் தராது. மெல்லிய காற்றில் பெட்ரோல் கலவை செறிந்துவிடுவதால் பிளக்குகள் கறுக்கும். மலையிலேயே குடியிருக்கும் காருக்கு டிஃபரன்ஷலில் கைவைக்கும் முன் கார்புரேட்டரை அந்த உயரத்துக்குச் சரிசெய்து பாருங்கள். செலவில்லாமல் ஓரளவு குறை தீரும். கொழும்புக்கும் மலைக்கும் அலைகிற காராக இருந்தால் அதைத் தொட வேண்டாம்.

இறக்கம் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு ஏற்றத்தைவிட அதுதான் முக்கியம். என் சித்தப்பா தோட்டத்து லொறி ஓட்டியவர்; ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் காரைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அந்தப் பிடியையும் டிஃபரன்ஷல்தான் பெருக்கித் தருகிறது. இரண்டாம் கியரில் மணிக்கு 30இல் இறங்கும்போது 4.22இல் எஞ்சின் 2,350 சுற்று, 3.7இல் 2,075. இந்த வித்தியாசம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். லபுக்கலையிலிருந்து இறம்பொடை வரை ஒரே மூச்சில் இறங்கிவிட்டு முன்சக்கரத்துப் பக்கம் குனிந்து மோந்து பாருங்கள். கருகிய வாசனை வந்தால் உங்கள் விகிதம் இந்த மலைக்கு ஏற்றதல்ல, அல்லது நீங்கள் மூன்றாம் கியரில் இறங்கியிருக்கிறீர்கள். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சமதரைக்காரர்களின் நியாயத்தையும் கேட்போம். கொழும்பில் இருந்துகொண்டு, தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் காலிக்கு ஓடி, ஆண்டுக்கு ஒருமுறை வசந்தகாலத்துக்கு மட்டும் நுவரெலியாவுக்கு வருபவருக்கு 3.9 பொருத்தம். எஞ்சின் நல்ல நிலையில் இருந்து, இரட்டைக் கிளட்சும் கைவசம் இருந்தால் 3.7கூடப் பரவாயில்லை. எம்.ஜி.பி. வைத்திருப்பவர்கள் இந்தக் குழப்பத்துக்குள் இறங்கவே வேண்டாம். அதில் 3.9 இருக்கிறது, எஞ்சின் 1800 சிசி. ஓவர்டிரைவ் என்ற துணைக் கியரும் இருந்தால் விசையைத் தட்டியதும் நான்காம் கியரின் விகிதம் 3.2 ஆகிவிடும். மலைக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என இரண்டு டிஃபரன்ஷல் ஒரே காரில் இருப்பது போல. மறுகோடியில், மஹகஸ்தொட்டயில் மலையேற்றப் போட்டிக்கு இறங்க நினைப்பவர் 4.55க்கும் மேலே தேடலாம். அவருக்குக் காது போனாலும் கவலையில்லை.

கண்டியிலோ ஹட்டனிலோ பண்டாரவளையிலோ குடியிருந்து ஞாயிற்றுக்கிழமை காரை வெளியே எடுப்பவருக்கு என் பதில் 4.22. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. கார் செய்தவர்களும் அதைத்தான் பொருத்தினார்கள்.

இப்போது உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று எப்படி அறிவது? அரை நூற்றாண்டாகப் பல கை மாறிய காரில் கையேடு சொல்வதை நம்பக்கூடாது. முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மற்றது தரையிலேயே இருக்கட்டும். கியர் நியூட்ரலில், ஹாண்ட்பிரேக் விடுபட்டு. டயரில் ஒரு சோக்கட்டிக் கோடு, புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. ஒருவர் சக்கரத்தைச் சுழற்ற, இன்னொருவர் ஷாஃப்டின் சுற்றை எண்ண வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஒரு சக்கரம் தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரம் இரண்டு முறை சுழன்றால்தான் கிரவுன் வீல் ஒரு முறை சுழலும். இதை மறந்தவர் எண்ணிவிட்டு, தன் காரில் 2.1 இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். சக்கரத்தை 20 முறை சுழற்றுங்கள். ஷாஃப்ட் 42 முறையும் இன்னும் கொஞ்சமும் சுழன்றால் உங்களிடம் இருப்பது 4.22. 39 அளவில் நின்றால் 3.9. 37ஐத் தாண்டினால் 3.7. 45ஐத் தாண்டி அரைச் சுற்றுப் போனால் 4.55. இரண்டு முறைக்கு மட்டும் எண்ணினால் 3.9க்கும் 3.7க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் இருபது. வெயில் ஏறுமுன் செய்யுங்கள், காருக்கு அடியில் படுக்கிறவர் உங்களைத் திட்டாமல் இருப்பார்.

பழைய டிஃபரன்ஷல் வாங்கும்போது கிரவுன் வீலும் பினியனும் சேர்ந்தே வரவேண்டும். இரண்டையும் ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்தித்தான் தொழிற்சாலையில் ஜோடியாக்குகிறார்கள். ஒரு பெட்டியின் பினியனையும் இன்னொரு பெட்டியின் கிரவுன் வீலையும் கட்டிவைத்தால் அந்தக் குடும்பம் ஆயுளுக்கும் கத்திக்கொண்டிருக்கும். முடிந்தால் அது பொருத்தியிருந்த காரைக் கழற்றுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். 50க்கும் 70க்கும் இடையில் அக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஊளைச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். லேசான முனகல் வயதுக்குரியது. கடகடவென்றால் விட்டுவிடுங்கள்.

வேகமானியையும் மறக்கக்கூடாது. அதன் கம்பி கியர்பெட்டியிலிருந்து வருகிறது; பின்னால் விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. 4.22க்குப் பொருத்திய வேகமானி, 3.7 போட்ட பிறகு உண்மையான 60ஐ 53 என்று காட்டும். பொலிஸ் கையில் இருக்கும் கருவி அதைக் கேட்டுக்கொண்டிருக்காது. டயரின் உயரமும் இதே போலத்தான்: மைனரின் 14 அங்குலச் சக்கரத்தில் அதே 4.22 போட்டால் கார் ஒவ்வொரு சுற்றுக்கும் சற்றுக் கூடுதலாக ஓடும். ஆகவே கணக்கைப் போடும் முன் உங்கள் டயரைத்தான் அளக்க வேண்டும், அடுத்தவரின் எண்ணைக் கடன் வாங்கக்கூடாது.

நண்பரின் கதைக்கு வருகிறேன். கழற்றிய 4.22ஐ அவர் மெக்கானிக்கிடமே விட்டிருந்தார். திரும்பப் போய்க் கேட்டால், அது கம்பளைப் பக்கத்து 1098 சிசி மைனர் ஒன்றுக்குள் ஏறிவிட்டது. அந்த மைனரின் சொந்த 4.22 ஊளையிட்டுக்கொண்டிருந்ததாம். நாங்கள் இருவரும் மைனர்காரரின் வீட்டுக்குப் போனோம். பெரியவர் பிளேன்டீ கொடுத்தார், கித்துள் கருப்பட்டி கொடுத்தார், காரில் ஏற்றி ஒரு சுற்று ஓட்டியும் காட்டினார். சத்தமே இல்லை. "தம்பி, இருபது வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் காருக்குள் இருந்து என் மனைவியோடு பேச முடிகிறது. இதைக் கேட்காதீர்கள்" என்றார். பதிலுக்குத் தன்னுடைய பழைய டிஃபரன்ஷலை ஒரு சாக்கில் சுற்றி, காசு வாங்காமல் கொடுத்துவிட்டார்.

இப்போது மிட்ஜெட் இறம்பொடை வளைவுகளில் இரண்டாம் கியரிலேயே ஏறுகிறது. புசல்லாவைக்குக் கீழே சமமான துண்டில் 55ஐத் தாண்டியதும் பின்னாலிருந்து ஊளை கிளம்பும். நண்பர் கூரைத் துணியை மடித்துக் கட்டிவிட்டுக் காற்றுச் சத்தத்தில் அதை மறைத்துக்கொள்கிறார்.